வெளிநாட்டுப் பொருளை இறக்குமதி செய்து ஆன்லைனில் விற்கலாமா? பணம் போடும் முன் இதையெல்லாம் தெரிஞ்சுக்கோங்க!

'அங்கே 100 ரூபாய், இங்கே 399 ரூபாய். வீட்டிலிருந்தே மாசம் லட்சம் சம்பாதிக்கலாம்' என்று சொல்லும் ரீல்ஸ்களை பார்க்காதவர்கள் குறைவு. அதைப் பார்த்து, சேமிப்பில் இருக்கும் ஒன்றிரண்டு லட்சத்தை சமையலறை சாமான், பொம்மை, மொபைல் ஆக்சஸரிஸ் என்று இறக்குமதியில் போடுபவர்களும் அதிகம். தொழில் தவறில்லை. ஆனால் அந்த 100 ரூபாய் பொருள் உங்க கைக்கு வரும்போது 100 ரூபாயாக இருக்காது. சில பொருட்கள் கைக்கே வராது. ஏன்?

முதலில் என்ன வேண்டும்?

வியாபாரத்துக்காக இறக்குமதி செய்ய 'ஐஇசி' எனப்படும் ஏற்றுமதி இறக்குமதி குறியீடு கட்டாயம். வெளிநாட்டு வர்த்தக தலைமை இயக்குநரகத்தின் (டிஜிஎஃப்டி) இணையதளத்தில் விண்ணப்பிக்கலாம். கட்டணம் 500 ரூபாய். பான் எண்ணே ஐஇசி எண்ணாகவும் வரும். எந்த மாற்றமும் இல்லாவிட்டாலும், ஆண்டுதோறும் ஏப்ரல் முதல் ஜூனுக்குள் விவரங்களை உறுதி செய்ய வேண்டும். மறந்தால் ஐஇசி முடக்கப்படலாம்.

அடுத்தது ஜிஎஸ்டி. '40 லட்சம் வரைக்கும் தேவையில்லையே' என்று சிலர் நினைப்பதுண்டு. ஆனால் பிற மாநில வாடிக்கையாளர்களுக்கு பொருள் விற்றால், முதல் ரூபாயிலிருந்தே ஜிஎஸ்டி பதிவு கட்டாயம். ஆன்லைனில் ஆர்டர் எங்கிருந்து வரும் என்று சொல்ல முடியாது என்பதால், முதலிலேயே எடுத்துவிடுவது நல்லது.

சப்ளையருக்கு பணம் அனுப்புவது நடப்புக் கணக்கு வைத்திருக்கும் வங்கி வழியாகத்தான் இருக்க வேண்டும். பொருள் வந்ததற்கான சுங்க ஆவணமான 'பில் ஆஃப் என்ட்ரி'யுடன் வங்கி அந்தக் கணக்கை சரிபார்க்கும். தெரிந்தவர் மூலம் பணம் கைமாற்றுவது சிக்கலில் விடும்.

1 லட்சம் ரூபாய் பொருளுக்கு எவ்வளவு வரி?

இங்கேதான் பலருடைய கணக்கு தப்பாகிறது. சுங்க வரி பொருளின் விலைக்கு மட்டும் இல்லை. விலை, கப்பல் அல்லது விமானக் கட்டணம், இன்சூரன்ஸ் மூன்றையும் சேர்த்த மதிப்புக்கு வரி போடப்படும். அந்த மதிப்பு 1 லட்சம் ரூபாய், அடிப்படை சுங்க வரி 20 சதவீதம், ஜிஎஸ்டி 18 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம்.

* அடிப்படை சுங்க வரி: 20,000 ரூபாய்
* சமூக நல கூடுதல் வரி (சுங்க வரியில் 10 சதவீதம்): 2,000 ரூபாய்
* ஐஜிஎஸ்டி (1,22,000 ரூபாய்க்கு 18 சதவீதம்): 21,960 ரூபாய்
* மொத்த வரி: 43,960 ரூபாய்

ஆக, 1,000 பீஸ் வாங்கியிருந்தால் ஒரு பீஸ் 100 ரூபாய் இல்லை, கிட்டத்தட்ட 144 ரூபாய். இதில் ஐஜிஎஸ்டியை மட்டும் விற்பனையின்போது கட்ட வேண்டிய ஜிஎஸ்டியில் கழித்துக்கொள்ளலாம். ஆனால் சரக்கு விற்கும் வரை அந்தப் பணம் முடங்கியிருக்கும். சுங்க முகவர் கட்டணம், துறைமுகத்தில் தாமதமானால் வாடகை ஆகியவை தனி.

வரி விகிதம் பொருளுக்குப் பொருள் மாறும். 8 இலக்க சுங்கக் குறியீடுதான் அதை முடிவு செய்கிறது. ஆர்டர் போடும் முன்பே குறியீட்டை சுங்க முகவரிடம் உறுதி செய்துகொள்ளுங்க.

எந்தப் பொருளில் சிக்கல் அதிகம்?

பொம்மை: 2021 ஜனவரி 1 முதல் ஐஎஸ்ஐ முத்திரை கட்டாயம். வெளிநாட்டுப் பொம்மை என்றால், அதைத் தயாரிக்கும் தொழிற்சாலையே இந்திய தர நிர்ணய அமைப்பிடம் (பிஐஎஸ்) உரிமம் பெற்றிருக்க வேண்டும். பொருள் வந்த பிறகு இங்கே முத்திரை வாங்க முடியாது. 2020-ல் 20 சதவீதத்திலிருந்து 60 ஆக உயர்ந்த பொம்மை மீதான சுங்க வரி, 2023-ல் 70 சதவீதமானது.

எலக்ட்ரானிக்ஸ்: பவர் பேங்க், அடாப்டர், ஸ்மார்ட் வாட்ச் போன்றவற்றுக்கு பிஐஎஸ் பதிவு வேண்டும். ப்ளூடூத் இருந்தால் தொலைத்தொடர்புத் துறையின் வயர்லெஸ் அனுமதியும் தேவை.

உணவு, அழகு சாதனம்: சாக்லேட் முதல் நூடுல்ஸ் வரை எஃப்எஸ்எஸ்ஏஐ இறக்குமதி உரிமம் வேண்டும். லிப்ஸ்டிக், ஃபேஸ் க்ரீம் போன்றவற்றுக்கு மத்திய மருந்து தரக் கட்டுப்பாட்டு அமைப்பின் பதிவு தேவை.

'ஃபர்ஸ்ட் காப்பி': பிரபல பிராண்டுகளின் போலி ஷூ, வாட்ச், பேக் ஆகியவற்றை சுங்கத்துறை தடுத்து வைத்து பறிமுதல் செய்யலாம். போட்ட பணம் போவதோடு, வழக்கும் வரும்.

விற்கும்போது என்ன விதி?

பாக்கெட்டில் இறக்குமதியாளரின் பெயர், முகவரி, எந்த நாட்டில் தயாரானது, எம்ஆர்பி, அளவு, மாதம் - ஆண்டு, புகார் தொடர்பு விவரம் இருக்க வேண்டும். தயாரான நாடு எது என்பதை ஆன்லைன் பக்கத்திலும் காட்ட வேண்டும். வாடிக்கையாளர் புகார் கொடுத்தால் 48 மணி நேரத்தில் அதைப் பெற்றதாக பதில் சொல்லி, ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். 'பொருள் வெளிநாட்டில் இருந்து வந்தது, நாங்க பொறுப்பில்லை' என்று கைகழுவ முடியாது.

ஆன்லைன் தளங்கள் வழியாக விற்றால் கமிஷன், கூரியர், ரிட்டர்ன் செலவு மூன்றும் லாபத்தில் கை வைக்கும். தளம் 0.5 சதவீத ஜிஎஸ்டி டிசிஎஸ், 0.1 சதவீத வருமான வரி டிடிஎஸ் பிடித்த பிறகே பணம் கொடுக்கும். இந்த இரண்டையும் பிறகு கணக்கில் கழித்துக்கொள்ளலாம். ஆனால் திரும்பி வந்த பொருள் உடைந்திருந்தால் அதை சீனாவுக்கோ துபாய்க்கோ திருப்பி அனுப்புவது கட்டுப்படியாகாது. அது உங்க நஷ்டம்தான்.

அப்போ எப்படி தொடங்குவது?

எடுத்ததும் கன்டெய்னர் வேண்டாம். சென்னை சௌகார்பேட்டை, ரிச்சி தெரு போன்ற இடங்களில் ஏற்கெனவே இறக்குமதி செய்து விற்கும் மொத்த வியாபாரிகள் இருக்கிறார்கள். அவர்களிடம் ஜிஎஸ்டி பில்லோடு 50 பீஸ் வாங்கி விற்றுப் பாருங்க. இதற்கு ஐஇசி தேவையில்லை. பிஐஎஸ் முத்திரை மட்டும் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்க, ஏன்னா முத்திரை இல்லாத பொருளை விற்பவர் மீதும் நடவடிக்கை வரும்.

எது ஓடுகிறது, எது ரிட்டர்ன் ஆகிறது என்று இரண்டு மூன்று மாதத்தில் தெரிந்துவிடும். அதன் பிறகு சாம்பிள் வரவழைத்து, குறியீடு, வரி, அனுமதி மூன்றையும் சரிபார்த்து, முதல் சிறிய லாட்டை இறக்கலாம். 'மொத்தப் பணமும் முன்கூட்டியே கொடுங்க' என்று அவசரப்படுத்தும் சப்ளையரிடம் உஷாராக இருங்க. முதல் லாட் முழுவதும் நின்றுபோனாலும் வீட்டுச் செலவு பாதிக்கக் கூடாது. அந்த அளவுக்குள் வரும் தொகையை மட்டும் போடுவதே பாதுகாப்பு.