டர்போ மாட்டினால் போதுமா? நான்கு சிலிண்டர் இஞ்சின் சொல்லும் வரலாறு



காரணமும் விளைவும் பற்றிய பாடம் நடந்துகொண்டிருந்தபோது, படிவம் ஐந்து மாணவன் ஒருவன் கேட்டான்: "சார், எங்க அண்ணன் காடியில டர்போ மாட்டப் போறாரு. மாட்டினா போதும்தானே, பவர் ஏறிடும்?" வகுப்பே சிரித்தது. ஆனால் கேள்வி நல்ல கேள்வி. பெரிய பெரிய நிறுவனங்களே இதற்கு விடை தேடிப் பல ஆண்டுகள் அலைந்திருக்கின்றன.

முதலில் அடிப்படையைப் பார்ப்போம். சாதாரண இஞ்சின் பிஸ்டன் கீழே இறங்கும்போது தானாகவே காற்றை இழுத்துக்கொள்ளும். ஒரு பங்கு பெட்ரோல் சரியாக எரிய ஏறக்குறைய 14.7 பங்கு எடையுள்ள காற்று வேண்டும். ஆகவே அதிகக் காற்று போனால்தான் அதிகப் பெட்ரோலை எரிக்க முடியும். வீணாக வெளியேறும் புகையைக் கொண்டு ஒரு சக்கரத்தைச் சுழற்றி, அதே அச்சிலுள்ள இன்னொரு சக்கரத்தால் காற்றை அழுத்தி உள்ளே அனுப்புவதுதான் டர்போ. சுவிட்சர்லாந்துப் பொறியாளர் ஆல்ஃபிரட் பியூக்கி 1905-இல் இதற்குக் காப்புரிமை பெற்றார். முதலில் இது விமானத்துக்கும் கப்பலுக்கும்தான் பயன்பட்டது. மகிழுந்துக்கு வர அரை நூற்றாண்டுக்கு மேல் ஆனது.

ஏன் அவ்வளவு தாமதம்? காற்றை அழுத்தினால் அது சூடாகும். சிலிண்டருக்குள் பிஸ்டன் அதை மறுபடியும் அழுத்தும். சூடும் அழுத்தமும் எல்லை மீறினால், தீப்பொறியால் பரவும் நெருப்பு வந்து சேரும் முன்பே மிச்சமுள்ள கலவை தானாக வெடித்துவிடும். இதைத்தான் பட்டறைக்காரர்கள் 'நாக்கிங்' என்பார்கள். இது தொடர்ந்தால் பிஸ்டனே உடையும்.

1962-இல் அமெரிக்காவின் ஓல்ட்ஸ்மொபில் ஜெட்ஃபயர் வந்தது. அது எட்டு சிலிண்டர் வண்டி என்றாலும் அதன் பாடம் நமக்குத் தேவை. அமுக்க விகிதத்தைக் குறைக்காமல் 10.25 என்றே வைத்து டர்போவைப் பொருத்தினார்கள். நாக்கிங்கைத் தடுக்க, தண்ணீரும் மெத்தனாலும் கலந்த திரவத்தை இஞ்சினுக்குள் செலுத்தினார்கள். அந்தப் புட்டியை நிரப்ப வேண்டியது வாங்கியவரின் வேலை. பலர் நிரப்பவே இல்லை. 1963-உடன் அந்த வண்டி நின்றுபோனது.

அடுத்து, நான்கு சிலிண்டர். 1973 செப்டம்பரில் ஜெர்மனியின் பி.எம்.டபிள்யூ 2002 டர்போவை ஃபிராங்ஃபர்ட் கண்காட்சியில் காட்டியது. 130 குதிரைத்திறன் கொண்ட இரண்டு லிட்டர் இஞ்சின் 170 ஆனது. அமுக்க விகிதத்தை 9.5-இலிருந்து 6.9-க்கு இறக்கினார்கள். நாக்கிங் அடங்கியது. ஆனால் டர்போ வேகம் பிடிக்கும் வரை வண்டி மந்தமாக நின்றது, பிறகு திடீரெனப் பாய்ந்தது. அதற்கு மேல், அக்டோபரில் அரபு நாடுகளின் எண்ணெய்த் தடை வந்தது. பெட்ரோலுக்கு வரிசை நிற்கும் நேரத்தில் வேக வண்டியை யார் கேட்பார்? மொத்தம் 1,672 வண்டிகளோடு அதன் கதை முடிந்தது.

சுவீடனின் சாப் நிறுவனம் வேறு விதமாக யோசித்தது. பெரிய இஞ்சினைப் புதிதாக உருவாக்க அதனிடம் பணம் இல்லை. கையில் இருந்த நான்கு சிலிண்டரைத்தான் பலப்படுத்த வேண்டும். உச்ச வேகத்தை விட்டுவிட்டு, அன்றாடம் ஓட்டும்போது இழுவை கிடைக்க வேண்டும் என்றார்கள். அதனால் சீக்கிரம் சுழலும் சிறிய டர்போவை எடுத்து, அழுத்தம் கூடினால் புகையை வேறு வழியில் விடும் 'வேஸ்ட்கேட்' வால்வையும் வைத்தார்கள். 1977-இல் வந்த சாப் 99 டர்போவின் திறன் 145. டர்போ இல்லாத அதன் உடன்பிறப்புக்கு 118. சில ஆண்டுகளில், நாக்கிங்கை உணரும் கருவியை இஞ்சினிலேயே பொருத்தி, ஆபத்து வந்தால் டர்போ அழுத்தத்தைத் தானாகக் குறைக்கவும் செய்தார்கள். புட்டி நிரப்பும் மனிதரை நம்பியிருந்த வேலை இயந்திரத்தின் வேலையானது.

நம் நாட்டிலும் இதற்குச் சான்று உண்டு. 2011 இறுதியில் எக்சோரா போல்ட் வண்டியில் புரோட்டோன் தன் கேம்புரோ இஞ்சினின் டர்போ வடிவத்தைக் கொண்டுவந்தது. வெறும் டர்போவை ஒட்டவில்லை. பிஸ்டன் நகரும் தூரத்தை 88 மில்லிமீட்டரிலிருந்து 86 ஆக்கினார்கள். அதனால் கொள்ளளவு 1,597-இலிருந்து 1,561 சி.சி. ஆனது. அமுக்க விகிதம் 10-இலிருந்து 8.9-க்கு இறங்கியது. சூடான காற்றைக் குளிர்விக்க இண்டர்கூலரும் வந்தது. இஞ்சின் சிறிதானது, ஆனால் திறன் 138 குதிரைத்திறனாகவும், முறுக்குவிசை 205 நியூட்டன் மீட்டராகவும் உயர்ந்தது.

மாணவர்களே, தேர்வில் "டர்போ வந்தது, அதனால் திறன் கூடியது" என்று ஒரே வரியில் எழுதிவிடாதீர்கள். ஒரு மாற்றம் புதிய சிக்கலைக் கொண்டுவரும், அதற்கான தீர்வு அடுத்த மாற்றத்தைக் கொண்டுவரும். அந்தச் சங்கிலியை எழுதுங்கள். எண்ணெய்த் தடை போன்ற வெளிக்காரணத்தையும், அமுக்க விகிதம் போன்ற உட்காரணத்தையும் பிரித்துக் காட்டுங்கள். மதிப்பெண் அங்கேதான் இருக்கிறது. ஆசிரியர்கள் இந்த நான்கு வண்டிகளையும் நான்கு குழுக்களுக்குக் கொடுத்து, 'என்ன மாற்றினார்கள், என்ன விளைந்தது' என்று அட்டவணை போடச் சொல்லலாம்.

அந்த மாணவனிடம் நான் சொன்னது இதுதான்: "அண்ணன்கிட்ட மூணு கேள்வி கேளுப்பா. அமுக்க விகிதம் எவ்வளவு? கூடுதல் காத்துக்கு ஏத்த பெட்ரோல் எப்படி வரும்? நாக்கிங் வந்தா யாரு கண்டுபிடிப்பா? மூணுக்கும் பதில் இருந்தா மாட்டட்டும். இல்லேன்னா இப்போதைக்கு இஞ்சினை அப்படியே விடச் சொல்லு."