கிளைவிடும் பாலிமர்கள்

பாலிமர் என்றதும் நம் நினைவுக்கு வருவது நீண்ட சங்கிலிதான். நைலான் கயிறும் பி.வி.சி. குழாயும் சிறு மூலக்கூறுகள் (மோனோமர்கள்) வரிசையாகக் கோர்க்கப்பட்ட மாலைகளே. ஆனால் மரம்போலக் கிளைவிட்டு வளரும் பாலிமர்களும் உண்டு. நீண்ட சங்கிலிகள் நூல்கண்டுபோல் ஒன்றோடொன்று சிக்கிக்கொள்ளும். அடர்ந்து கிளைத்தவையோ உருண்டை வடிவில் இருப்பதால் அவ்வளவாகச் சிக்குவதில்லை. அவற்றின் கரைசலும் எளிதாக ஓடும். கிளைநுனிகளும் ஏராளம். அவற்றில் மருந்தையோ சாயத்தையோ பிணைக்கலாம்.

இவற்றை எப்படிச் செய்வது? ஒரு வகைக் கையும், அதோடு மட்டும் சேரக்கூடிய வேறு வகைக் கைகள் இரண்டும் உள்ள மோனோமர், கெட்டியாகிப் போகாமல் கிளைவிட்டு வளரும் என்று 1952-இல் பால் ஃப்ளோரி கணக்கிட்டுக் காட்டினார். ஒரே கலத்தில் செய்துவிடலாம்; ஆனால் மூலக்கூறுகள் சிறிதும் பெரிதுமாக வரும். 1980-களில் டொனால்ட் டொமாலியா உருவாக்கிய டென்ட்ரிமர்கள் அடுக்கடுக்காகக் கட்டப்படுபவை. அளவு துல்லியம், ஆனால் ஒவ்வொரு அடுக்குக்கும் தனி வினை, தனிச் சுத்திகரிப்பு.

இவற்றுக்கு இடைப்பட்ட வழிதான் கட்டுப்படுத்தப்பட்ட பாலிமராக்கம். வழக்கமான வினையில் சங்கிலிகள் வெவ்வேறு நேரத்தில் பிறந்து வெவ்வேறு நேரத்தில் மடிகின்றன. 1956-இல் மைக்கேல் ஷ்வார்ட்ஸ், மோனோமர் தீர்ந்த பிறகும் நுனி 'உயிரோடு' இருக்கும் சங்கிலிகளைக் காட்டினார். எல்லாம் ஒன்றாகப் பிறந்து, ஏறக்குறைய ஒரே நீளத்துக்கு வளர்கின்றன. 1995-இல் ழான் ஃப்ரெஷே குழுவினர் இதே கட்டுப்பாட்டைக் கிளைப்போடு இணைத்தனர். அவர்கள் எடுத்துக்கொண்ட மோனோமர், சங்கிலியில் ஒரு கண்ணியாகச் சேர்வதோடு புதிய கிளையையும் தொடங்கி வைக்கும்.

மாண்ட்ரியாலில் மெக்கில் பல்கலைக்கழகத்தின் அசோக் கக்கர், துஷிட்சா மேசிங்கர் ஆகியோரின் ஆய்வு இன்னொரு கோணம். ஒரே மையத்தில் வெவ்வேறு வகைக் கைகளைப் பொருத்துவது. 2010-இல் வெளியான ஆய்வில், நீரை நாடும் பாலி எத்திலீன் கிளைக்கால் கைகள் இரண்டு. நீரை விலக்கும் பாலி கேப்ரோலாக்டோன் கை ஒன்று. பின்னது, வளைய மூலக்கூறுகளை ஒவ்வொன்றாகத் திறந்து கோர்த்து வளர்த்தது. நீரில் இவை தாமாகவே நுண்கோளங்களாகத் திரள்கின்றன. நீரில் எளிதில் கரையாத நிமோடிபின் என்ற மருந்து உள்ளே தங்குகிறது. ஆய்வுக்கூடத்தில் வளர்த்த, அழற்சியுற்ற மூளைக் காவல் செல்களில் இது அழற்சியைத் தணித்தது.

கட்டுப்பாடு ஏன் இவ்வளவு முக்கியம்? சிறிய மூலக்கூறைச் சிறுநீரகம் வெளியேற்றிவிடும். பெரியது உடலில் தங்கிவிடும். ஒரே குப்பியில் இரண்டும் கலந்திருந்தால் எந்த மருத்துவர் அளவைத் தீர்மானிக்க முடியும்?