91 என்ற எண்ணின் வரலாறு

2023 செப்டம்பரில், ஈஏ ஸ்போர்ட்ஸ் நிறுவனத்தின் புதிய கால்பந்து வீடியோ கேம் வெளிவருவதற்குச் சில நாட்கள் முன்பு, அதில் இடம்பெற்ற ஆட்டக்காரர்களின் மதிப்பெண் பட்டியல் வெளியானது. பட்டியலின் உச்சியில் நான்கு பேர், ஆளுக்கு 91: கிலியன் எம்பாப்பே, எர்லிங் ஹாலண்ட், கெவின் டி ப்ரூய்ன், அலெக்சியா புத்தேயாஸ். முதல் மூவரும் ஆண்கள். நான்காமவர் பார்சிலோனாவின் நடுக்கள வீராங்கனை. 2021, 2022 என இரண்டு ஆண்டும் பாலோன் தோர் விருதைப் பெற்றவர்.

இந்த கேமை ஆண்டுதோறும் வாங்கி ஆடுகிற இளைஞர்களில் ஒரு பகுதியினர் கொதித்துப்போனார்கள். ஒரு பெண்ணுக்கு எம்பாப்பேயின் எண்ணா? கணக்கு தவறு, கணக்கை மாற்று என்று குரல்கள் எழுந்தன. விளையாட்டு விஷயம்தானே என்று இதை ஒதுக்கிவிட்டுப் போகலாம். ஆனால் இந்தக் கோபத்துக்குள் ஒரு நம்பிக்கை ஒளிந்திருக்கிறது: அதுவரை அந்தக் கணக்கு நடுநிலையாக இருந்தது, பெண்கள் உள்ளே வந்த பிறகுதான் யாரோ அதில் கைவைத்துவிட்டார்கள் என்ற நம்பிக்கை. அது உண்மையா என்று பார்க்க வேண்டும். அதற்கு அந்த எண் எப்படிப் பிறக்கிறது என்பதிலிருந்து தொடங்கலாம்.

இந்த வரிசையின் முதல் கேம் 1993 இறுதியில் வந்தது. 2023 வரை அது ஃபிஃபா என்ற பெயரில் விற்கப்பட்டது. இன்றைய கேமில் ஒவ்வோர் ஆட்டக்காரருக்கும் முப்பதுக்கும் மேற்பட்ட பண்புகள் உண்டு: ஓட்ட வேகம், கோலடிக்கும் துல்லியம், குறுகிய பாஸ், தலையால் முட்டும் திறன், உடல் வலு என்று. ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 99 வரை ஓர் எண். இவற்றைச் சேர்த்துத்தான் மொத்த மதிப்பெண் வருகிறது. ஆனால் அது வெறும் சராசரி அல்ல. ஆட்டக்காரர் களத்தில் எங்கே நிற்கிறார் என்பதைப் பொறுத்து ஒவ்வொரு பண்புக்கும் எடை மாறும். முன்கள ஆட்டக்காரருக்குக் கோலடிக்கும் திறன் அதிகம் கணக்காகும். பின்கள ஆட்டக்காரருக்குப் பந்தைப் பறிக்கும் திறன். கோல்கீப்பருக்குப் பண்புகளே வேறு.

அந்த எண்களை யார் இடுகிறார்கள்? பல நாடுகளில் ஆட்டங்களைப் பார்த்துக் கருத்து அனுப்பும் ஆயிரக்கணக்கான ஆர்வலர்களின் வலை ஒன்று இருக்கிறது. அவர்கள் அனுப்புவதை நிறுவனத்தின் ஆசிரியர் குழு சரிபார்த்து முடிவு செய்கிறது. வேகத்தைக் கடிகாரம் வைத்து அளக்கலாம். 'நிதானம்', 'பார்வை' போன்ற பண்புகளை எதைக் கொண்டு அளப்பது? பார்த்தவர் மனதில் பட்டதுதான் எண்ணாகிறது. இதற்கு மேல் இன்னொரு காரணியும் உண்டு. ஆட்டக்காரரின் உலகப் புகழும் மொத்த மதிப்பெண்ணை உயர்த்தும் என்பதை நிறுவனத்தின் தரவுப் பொறுப்பாளரே 2016இல் பத்திரிகைக்கு விளக்கியிருக்கிறார். அதாவது நன்றாக ஆடுவது ஒரு பங்கு. நன்றாக ஆடுகிறார் என்று உலகம் அறிந்திருப்பது இன்னொரு பங்கு.

ஆகவே இந்த எண் ஓர் அளவீடு என்பதைவிட ஒரு தீர்ப்பு என்பதே சரி. அதிலும் தன் வரிசைக்குள் செய்யப்படும் தீர்ப்பு. 2023ஆம் ஆண்டு கேமில் கோல்கீப்பர் திபோ கூர்த்துவாவுக்கு 90, மெஸ்ஸிக்கும் 90. கூர்த்துவா மெஸ்ஸியைப் போல டிரிப்ளிங் செய்வாரா என்று யாரும் கேட்கவில்லை. கோல்கீப்பர்களில் அவர் எங்கே நிற்கிறார் என்பதையே அந்த எண் சொல்கிறது என்று எல்லோருக்கும் புரிந்தது. மறைந்த பெலேயும் எம்பாப்பேயும் ஒரே அணியில் ஆடலாம்; எந்த வயதுப் பெலே, அந்தக் காலத்துப் பந்திலா இந்தக் காலத்துப் பந்திலா என்றும் யாரும் கேட்கவில்லை. இத்தனை கற்பனைகளையும் முகம் சுளிக்காமல் ஏற்றுக்கொண்டவர்களுக்கு, பெண்கள் கால்பந்தின் உச்சியில் இருப்பவருக்கு உச்ச எண் என்ற கற்பனை மட்டும் செரிக்கவில்லை.

எண் இடுவதற்கு முதலில் ஆட்டத்தைப் பார்த்திருக்க வேண்டும் என்றோம். பெண்கள் கால்பந்தின் வரலாறு பெரும்பாலும் பார்க்கவிடாமல் செய்யப்பட்ட வரலாறு. 1920 டிசம்பர் 26 அன்று, லிவர்பூல் நகரின் குடிசன் பார்க் மைதானத்தில் டிக் கெர் லேடீஸ் என்ற அணி ஆடியபோது சுமார் 53,000 பேர் திரண்டார்கள். அது பிரெஸ்டன் நகரத்துத் தொழிற்சாலைப் பெண்களின் அணி. முதல் உலகப்போரின்போது தொழிற்சாலைக்குள் நுழைந்த பெண்கள் அங்கிருந்துதான் கால்பந்துக்கும் வந்தார்கள். ஓராண்டுகூட முழுதாக ஓடவில்லை. 1921 டிசம்பர் 5 அன்று இங்கிலாந்து கால்பந்துச் சங்கம், இந்த விளையாட்டு பெண்களுக்கு ஏற்றதல்ல என்று கூறி, தன் உறுப்பினர் கிளப்புகளின் மைதானங்களைப் பெண்கள் அணிகளுக்குத் தரக்கூடாது என்று தடை போட்டது. அந்தத் தடை ஏறத்தாழ 50 ஆண்டுகள் நீடித்தது. பிரேசிலில் 1941 முதல் 1979 வரை பெண்கள் கால்பந்துக்குச் சட்டத் தடை. மேற்கு ஜெர்மனியில் 1955 முதல் 1970 வரை சங்கத்தின் தடை.

தடையையும் மீறிப் பெண்கள் ஆடினார்கள். பூங்காக்களில், ரக்பி மைதானங்களில் ஆடினார்கள். ஆனால் பெரிய மைதானம் போனால் கூட்டம் போகும். கூட்டம் போனால் பத்திரிகைக்காரர் போவார். அவரோடு குறிப்பேடும் போகும். டிக் கெர் அணியின் லில்லி பார், 14 வயதிலேயே அணிக்குள் வந்து முப்பது ஆண்டுகள் ஆடியவர். அவருடைய இடதுகால் உதையின் வலுவைப் பற்றிக் கதைகள் நிறைய உண்டு. ஆனால் மொத்தம் எத்தனை கோல் அடித்தார் என்பதற்கு ஆளுக்கொரு கணக்கு சொல்கிறார்கள். 2002இல் இங்கிலாந்தின் தேசியக் கால்பந்து அருங்காட்சியகம் தன் புகழ்வரிசையில் சேர்த்த முதல் பெண் அவர். அருங்காட்சியகத்தில் இடம் கிடைத்தது. கோல் கணக்கு கிடைக்கவில்லை.

ஆண்களின் உலகக்கோப்பை 1930இல் தொடங்கியது. ஃபிஃபா அமைப்பு பெண்களுக்கென்று முதல் உலகக்கோப்பையை நடத்தியது 1991இல், சீனாவில். அதற்கு இரண்டு ஆண்டுகள் கழித்து முதல் கேம் வந்தபோது அதில் பெண்கள் இல்லை. அடுத்த இருபது ஆண்டுகளில் ஒவ்வோர் ஆண்டும் புல்லின் நிறம் மேம்பட்டது, வியர்வைத் துளி மேம்பட்டது, பெண்கள் வரவில்லை.

இடையில் சிறிய முயற்சிகள் நடந்தன. 1999 உலகக்கோப்பை இறுதிப் போட்டியை கலிஃபோர்னியாவின் ரோஸ் பௌல் மைதானத்தில் 90,000க்கும் மேற்பட்டோர் பார்த்தார்கள். அந்த அலையில் 2000இல் மியா ஹாம் பெயரைத் தாங்கி நின்டெண்டோ 64 கருவிக்குப் பெண்கள் மட்டுமே ஆடும் ஒரு கேம் வந்தது. ஏற்கெனவே இருந்த ஆண்கள் கேமை அடித்தளமாக வைத்துச் செய்யப்பட்டது அது. அதற்கு அடுத்த பாகம் வரவில்லை.

2011இல் நடந்தது கால்பந்தில் அல்ல, ஐஸ் ஹாக்கியில். ஈஏவின் ஹாக்கி கேமில் தன்னைப் போன்ற ஓர் உருவத்தைச் செய்ய முயன்ற 14 வயது அமெரிக்கச் சிறுமிக்கு ஆண் உடல்கள் மட்டுமே கிடைத்தன. அவள் நிறுவனத்துக்குக் கடிதம் எழுதினாள். அந்த ஆண்டு கேமில் பெண் உருவத்தைத் தேர்ந்தெடுக்கும் வசதி சேர்க்கப்பட்டது. அதன் பின் சில ஆண்டுகளில் ஸ்பெயினின் வெரோனிகா போகேத்தே, கால்பந்து கேமில் பெண்களைச் சேர்க்கக் கோரி இணையத்தில் ஒரு மனுவைத் தொடங்கினார். பல்லாயிரம் பேர் கையெழுத்திட்டார்கள். ஆக, இந்தக் கணக்கில் முதலில் கைவைத்தது ஆடியவர்களும் ஆட விரும்பியவர்களும்தான். அப்போது அது திருத்தம் என்றுகூட யாருக்கும் தோன்றவில்லை. விடுபட்டதை நிரப்பும்படிதான் அவர்கள் கேட்டார்கள்.

2015 செப்டம்பரில் ஃபிஃபா 16 வெளிவந்தது. முதன்முறையாகப் பெண்கள், 12 நாடுகளின் தேசிய அணிகளாக. அதற்காக உடலையே புதிதாகச் செய்ய வேண்டியிருந்தது. ஏபி வாம்பாக், அலெக்ஸ் மார்கன், மேகன் ரபினோ, சிட்னி லரூ ஆகிய அமெரிக்க வீராங்கனைகளின் உடலில் உணரிகளைப் பொருத்தி அவர்களின் ஓட்டத்தையும் உதையையும் பதிவு செய்தார்கள். ஆனால் ஒரு வேலியும் போட்டார்கள். பெண்கள் அணி பெண்கள் அணியோடு மட்டுமே மோத முடியும். எண்களுக்கு அதே 99 என்ற எல்லைதான். ஆனால் அவை பெண்கள் கால்பந்துக்குள் வைத்து இடப்பட்ட எண்கள். அப்போதும் கேலிகள் வந்தன. என்றாலும் வேலி இருந்ததால் எண்ணோடு எண்ணை மோதவிட வாய்ப்பில்லை.

அந்த கேம் வெளிவருவதற்குச் சற்று முன்பே 13 பேர் நீக்கப்பட்டார்கள். அமெரிக்கக் கல்லூரி விளையாட்டுகளை நிர்வகிக்கும் என்சிஏஏ அமைப்பு, மாணவிகளின் உருவம் வணிகத்துக்குப் பயன்பட்டால் அவர்கள் கல்லூரி அணியில் ஆடும் தகுதி பாதிக்கப்படலாம் என்று எச்சரித்ததே காரணம். அந்த நாட்களில் பெண்கள் கால்பந்தில் தேசிய அணிக்கும் கல்லூரி அணிக்கும் ஒரே பெண் ஆடுவது சாதாரணம். ஆண்களின் பெரிய அணிகளில் அப்படி அரிது. ஆண்களின் உலகத்துக்கென்று செய்த அமைப்புக்குள் பெண்கள் நுழையும்போது இத்தகைய இடங்களில்தான் தடுக்கி விழுகிறார்கள்.

2022இல் ஃபிஃபா 23இல் இங்கிலாந்து, பிரான்ஸ் நாடுகளின் பெண்கள் கிளப்புகள் சேர்ந்தன. சிறப்புப் பதிப்பின் அட்டையில் எம்பாப்பேயோடு ஆஸ்திரேலியாவின் சாம் கெர் நின்றார். 2023இல் கேமின் பெயர் மாறியது, வேலியும் போனது. ஆடுபவர் தனக்குப் பிடித்தவர்களைக் கொண்டு அணி கட்டும் அல்டிமேட் டீம் பகுதியில், ஆண்களும் பெண்களும் ஒரே அணியில் ஆடலாம் என்றானது. பழம்பெரும் ஆட்டக்காரர்களின் வரிசையில் மியா ஹாமும் சேர்ந்தார். மாறியது அவ்வளவுதான். பெண்களுக்கு எண் இடும் கணக்கு புதிதல்ல. எட்டு ஆண்டுகளாக வேலிக்கு அந்தப் பக்கம் இருந்த எண் இந்தப் பக்கத்து எண்ணின் அருகில் வந்து நின்றது. எரிச்சலைக் கிளப்பியது அந்த அருகாமை.

கணக்கை மாற்ற நினைப்பவர்களுக்கு வழிகள் உண்டு. கணினியில் ஆடுபவர்கள் கேமின் தரவுத்தளத்தைத் திறந்து எண்களைத் திருத்துகிறார்கள். அதற்கு மோட் என்று பெயர். தரவுத்தளத்தில் ஓர் ஆட்டக்காரர் என்பவர் ஒரு வரிசை. பெயர், உயரம், வேகம், பாஸ் என்று கட்டங்கள். அவற்றில் எதை வேண்டுமானாலும் மாற்றலாம். புத்தேயாஸின் 91ஐ 60 ஆக்கலாம். திருத்துபவர் அதை யதார்த்தம் என்று சொல்லிக்கொள்ளலாம். ஆனால் அவரும் ஓர் எடையைத் தேர்ந்தெடுக்கத்தான் செய்கிறார்: தசை வலுவை முன்னே வைக்கிறார், பார்வையையும் பாஸையும் பின்னே தள்ளுகிறார். வேகம்தான் எல்லாம் என்றால் களத்தில் மெதுவாக நடந்தே ஆட்டத்தை மாற்றிய ஆண் மேதைகளின் எண்ணையும் அவர் குறைத்தாக வேண்டும். அதை அவர் செய்வதில்லை.

பெண்களுக்கு 91 கிடைத்துவிட்டது என்று நாம் மகிழ்ந்து அமரவும் முடியாது. 2023 ஆகஸ்டில் ஸ்பெயின் உலகக்கோப்பையை வென்றது. தொடரின் சிறந்த ஆட்டக்காரர் விருது அய்த்தானா போன்மதிக்கு. புத்தேயாஸ் முழங்கால் தசைநார் காயத்தால் அதற்கு முந்தைய பருவத்தின் பெரும்பகுதியில் ஆடவில்லை. ஆயினும் அடுத்த மாதம் வந்த பட்டியலில் புத்தேயாஸுக்கு 91, போன்மதிக்கு 90. ஓராண்டு கழித்தே போன்மதி 91ஐத் தொட்டார். ஏற்கெனவே அறியப்பட்டவர் முன்னே நிற்பார், புதிதாக அறியப்படுபவர் காத்திருப்பார். ஆண்களின் பட்டியலுக்குச் சொன்ன குறை பெண்களின் பட்டியலுக்கும் பொருந்துகிறது.

அறியப்படாதவர்களின் நிலை அதைவிட மோசம். அவர்களுக்கு எண்ணே கிடையாது. 2020இல் வந்த ஃபிஃபா 21இல் இந்தியன் சூப்பர் லீக் சேர்க்கப்பட்டது. சென்னையின் எஃப்சி அணியின் ஆண்களுக்கு வேகம், பாஸ், உடல் வலு என்று எல்லாவற்றுக்கும் எண் கிடைத்தது. அதற்கு முந்தைய ஆண்டே, 2018-19 பருவத்தின் இந்தியப் பெண்கள் லீக்கை வென்றிருந்தது மதுரையின் சேது எஃப்சி. நாட்டின் சாம்பியன்களான அந்தப் பெண்களுக்கு இந்த கேமில் 40 என்ற எண்கூட இல்லை. குறைந்த எண் என்றால் அதை எதிர்த்து வாதாடலாம். வரிசையே இல்லாதபோது எதைத் திருத்துவது?

இந்தக் கேள்வி கேமோடு நிற்கவில்லை. வரிசை இருக்க வேண்டுமானால் ஆட்டத்தை யாராவது பார்த்திருக்க வேண்டும், எழுதி வைத்திருக்க வேண்டும். லில்லி பாரின் கோல்கள் தொலைந்தது அவர் அடிக்காததால் அல்ல, எண்ணுவதற்கு அங்கே ஆள் இல்லாததால். நம் ஊர்களில் பள்ளி மைதானங்களிலும் கல்லூரிகளுக்கு இடையிலான போட்டிகளிலும் பெண்கள் இன்று ஆடிக்கொண்டுதான் இருக்கிறார்கள். யார் எந்த நிமிடத்தில் கோல் அடித்தார், பந்தை யார் தந்தார் என்று ஒரு நோட்டில் எழுதிவைக்கப் பெரிய நிறுவனம் எதுவும் தேவையில்லை. அடுத்த போட்டிக்குப் போகும்போது ஒரு பேனாவை எடுத்துக்கொண்டு போகலாம்.