இழுவை வீட்டுக்கு ஒரு ரிவர்ஸ் விளக்கு

அமெரிக்காவில் காருக்குப் பின்னால் கட்டி இழுத்துப் போகும் சக்கர வீட்டை டிராவல் டிரெய்லர் என்பார்கள். பிரெஞ்சில் நாங்கள் 'கரவான்' என்று படித்தது இதைத்தான். 1930களில் வாலி பயாமின் 'ஏர்ஸ்ட்ரீம்' அலுமினிய வண்டிகளால் பெயர் பெற்றது.

காரின் ரிவர்ஸ் விளக்கு 1920களிலேயே, வில்ஸ் செயின்ட் கிளேர் என்ற வண்டியில் வந்துவிட்டது. 1960களின் கடைசியில் அந்நாட்டு அரசு 108ஆம் எண் விதியில் அதைப் புதிய கார்களுக்குக் கட்டாயமாக்கியது. டிரெய்லருக்குக் கட்டாயமில்லை! டிரெய்லரைக் கட்டியதும் காரின் விளக்கை அதுவே மறைத்துவிடுகிறது. பின்னால் ஒரே இருட்டு. கோப்புகளோடு காலம் தள்ளிய எனக்கு இப்படிப்பட்ட விடுபாடுகள் புதிதல்ல. ஆனால் கூடாரத் திடலின் இருட்டில் ஒரு குழந்தை நின்றிருந்தால்?

ஆகவே சொந்தக்காரர்களே விளக்கு மாட்டிக்கொண்டார்கள். ஏழு முனைப் பிளக்கில் நடுமுனை ரிவர்ஸ் விளக்குக்கு உரியது; பல டிரெய்லர்களில் அது சும்மாவே கிடக்கும். அதிலிருந்து பின் பம்பர் வரை ஒயர் இழுத்து இரண்டு வெள்ளை விளக்குகள் போடுவார்கள். பெரிய விளக்கென்றால் காரின் மெல்லிய ஒயர் தாங்காது, ஃபியூஸ் போய்விடும். அதற்கு ரிலே வைத்து, டிரெய்லர் பேட்டரியிலிருந்தே மின்சாரம் எடுப்பார்கள். நான்கு முனைப் பிளக்கில் ரிவர்ஸுக்கு முனையே கிடையாது. தனி ஒயர்தான் இழுக்க வேண்டும்.