ஹிப் ஹொப் எங்கிருந்து வந்தது?



ஹிப் ஹொப் என்றதும் நம்மில் பலருக்கு நினைவில் வருவது தொளதொளத்த காற்சட்டையும் கெட்ட வார்த்தைகளும்தான். அதைக் கேட்கும் பிள்ளையை ஏசுவதற்கு முன், அது பிறந்த இடத்தை நாம் ஒருமுறை பார்ப்போம்.

நியூயோர்க் நகரின் புரொங்ஸ் பகுதி. 1948 இல் அதன் நடுவே ஒரு நெடுஞ்சாலை வெட்டத் தொடங்கினார்கள். ஆயிரக்கணக்கான குடும்பங்கள் வீடிழந்தன. வசதியுள்ளவர்கள் வெளியேற, ஏழைக் கறுப்பின மக்களும் புவேர்ட்டோ ரிக்கோ மக்களும் எஞ்சினார்கள். 1970களில் காப்புறுதிப் பணத்துக்காகத் தம் கட்டடங்களுக்கே தீ வைத்த உரிமையாளர்களும் இருந்தார்கள். வேலையற்ற வாலிபர்கள் கும்பல்களாகப் பிரிந்து, தெருவுக்குத் தெரு எல்லை போட்டு மோதினார்கள்.

1971 டிசம்பர் 2ஆம் திகதி, சண்டையை விலக்கப் போன கோர்னெல் பெஞ்சமின் என்ற 25 வயது இளைஞர் கொல்லப்பட்டார். நண்பர்கள் பழிவாங்கத் தயாரானபோது அவருடைய தாய்தான் தடுத்தார். தன் மகன் சமாதானத்துக்காக வாழ்ந்தவன் என்றார். டிசம்பர் 8ஆம் திகதி பல கும்பல்கள் ஒரே மண்டபத்தில் அமர்ந்து பேசின. அதன் பிறகு ஒரு தெருப் பிள்ளை அடுத்த தெருக் கொண்டாட்டத்துக்குப் போவது மெல்ல மெல்லச் சாத்தியமானது.

1973 ஆகஸ்ட் 11ஆம் திகதி, சிண்டி கெம்பல் என்ற மாணவி பாடசாலைக்கு உடுப்பு வாங்கப் பணம் சேர்க்க, தம் மாடிக் குடியிருப்பின் பொது அறையில் ஒரு விருந்து வைத்தார். பெண்களுக்கு 25 சதம், ஆண்களுக்கு 50 சதம். இசைத்தட்டுப் போட்டவர், ஜமைக்காவிலிருந்து வந்த அவருடைய 18 வயது அண்ணன் கூல் ஹேர்க். பாட்டின் நடுவே மேளம் மட்டும் ஒலிக்கும் சில வினாடிகளுக்காகவே கூட்டம் காத்திருப்பதை அவர் கவனித்தார். ஒரே இசைத்தட்டின் இரு பிரதிகளை மாறி மாறி ஓடவிட்டு அந்த வினாடிகளை நீட்டினார். அந்தத் தாளத்தின் மேல் பேசியது ராப் ஆனது. அதற்கு ஆடியது பிரேக் நடனம் ஆனது. கத்தியோடு மோதிய பலர், யார் நன்றாக ஆடுவார், யார் சொல்லில் வெல்வார் என்று போட்டியிடத் தொடங்கினார்கள்.

பின்னாளில் பெரும் பணம் புகுந்தது. வன்முறையும் ஆபாசமும் விலைபோயின. அதை நாம் நியாயப்படுத்தவில்லை. ஆனால் 1999 இல் மோஸ் டெஃப் என்ற முஸ்லிம் கலைஞர் தம் முதல் தனி அல்பத்தை பிஸ்மில்லாஹ் சொல்லியே தொடங்கினார் என்பதும் இதே வரலாற்றில்தான் இருக்கிறது.

அந்தப் பிள்ளைகளுக்குப் பழி வேண்டாம் என்று சொல்ல ஒரு தாய் இருந்தார். கூடுவதற்கு ஒரு பொது அறை இருந்தது. நம் வாலிபர்கள் சந்தியில் நிற்கிறார்கள் என்று நாம் குறை சொல்கிறோம். பின்னேரத்தில் அவர்கள் கூடுவதற்கு நாம் எந்தக் கதவைத் திறந்து வைத்திருக்கிறோம்?