வேலூரில் அளந்த நொதி

உயிரணுவுக்குள் பழுதான பொருள்களைச் சிதைக்கும் நுண்பைகள் லைசோசோம்கள். 1955இல் பெல்ஜிய அறிஞர் கிறிஸ்டியான் டி டூவ் இவற்றை அறிவித்தார். 1974இல் நோபல் பரிசு பெற்றார். இவற்றிலுள்ள நொதிகளில் ஒன்று குறைந்தாலும், அது சிதைக்க வேண்டிய பொருள் அங்கேயே தேங்கி நோயாகிறது. அப்படிப்பட்ட நோய்களுள் ஒன்றின் மூலத்தை அறிந்ததில் வேலூருக்குப் பெரும்பங்கு உண்டு. நம் பாடநூல்கள் இதைச் சொல்லியிருக்க வேண்டும்.

அந்த நோயின் பெயர் மெட்டாக்ரோமாடிக் லூக்கோடிஸ்ட்ரோஃபி. நடை பழகிய குழந்தை ஒன்றரை, இரண்டு வயதில் தடுமாறத் தொடங்கும்; கற்ற பேச்சும் போகும். நரம்பின் மேலுறையில் சல்ஃபடைடு என்ற கொழுப்பு சேர்வது 1950களிலேயே தெரிந்திருந்தது. ஏன் சேர்கிறது?

கல்கத்தாவில் 1925இல் பிறந்த பிமல் குமார் பச்சாவத் இக்கேள்வியை எடுத்துக்கொண்டார். அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் எச்.எம்.ஜி. கோஎன்சைம் ஏ என்ற மூலக்கூறைக் கண்டறிந்ததில் பங்காற்றியவர் அவர். இன்று கோடிப்பேர் விழுங்கும் ஸ்டாட்டின் மாத்திரை அந்த வேதிப்பாதையில்தான் வேலை செய்கிறது. வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் நரம்பு வேதியியல் ஆய்வகத்தை அவர் கட்டியெழுப்பினார். அமெரிக்க நரம்பியலாளர் ஜேம்ஸ் ஆஸ்டினுடன் பச்சாவத்தும் பாலசுப்பிரமணியன், பட்டாபிராமன், சரஸ்வதி முதலியோரும் சேர்ந்து எழுதிய ஆய்வுரை 1963இல் வெளிவந்தது. அரைல்சல்ஃபடேஸ் ஏ என்ற நொதியின் குறைவே காரணம் என்று தெளிந்தது இவ்வழியில்தான். அளக்கும் முறை எளியது: நைட்ரோகேட்டகால் சல்ஃபேட்டை நொதி பிளந்தால் காரக் கரைசல் சிவக்கும், சிவப்பின் அடர்த்தியே நொதியின் அளவு. எளிய கருவிகளோடும் முதல்தர அறிவியல் செய்யலாம் என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியவில்லை.

பச்சாவத்துக்கு 1962இல் பட்நாகர் பரிசும் 1990இல் பத்மபூஷணும் கிடைத்தன, 1996இல் மறைந்தார். அவர் குழு காரணம் கண்ட அந்த நோய்க்கான மரபணு சிகிச்சையை ஐரோப்பா 2020இலும் அமெரிக்கா 2024இலும் ஏற்றன. அமெரிக்காவில் விலை 42.5 லட்சம் டாலர். அதுவும் அறிகுறி தோன்றுமுன் கொடுத்தால்தான் முழுப்பயன்.

இந்நோய் மரபுவழி வருவது. சத்தியமங்கலம் பக்கம் மாமன் மகள், அத்தை மகன் என்று சொந்தத்துக்குள் கொண்டு கொடுப்பது இன்றும் உண்டு. தாய், தந்தை இருவரிடமும் ஒரே பழுதுபட்ட மரபணு இருந்தால் ஒவ்வொரு பேற்றிலும் நான்கில் ஒரு பங்கு வாய்ப்பில் நோய் வரும். சொந்தத்தில் மணந்தால் அப்படி அமைவது கூடும். இந்நோயைத் தோஷம் என்று தாயின் தலையில் சுமத்துவது கொடுமை. நடந்த குழந்தை நடை தளர்ந்தால் காலம் கடத்தாமல் நரம்பியல் மருத்துவரிடம் காட்டுங்கள். அடுத்த குழந்தைக்கு முன் மரபியல் ஆலோசனை பெறுங்கள்.