முத்துக்குளித்துறையில் ஒரு மொழிப்பாடம்

நம் பாட்டிமார் 'விசுவசிக்கிறேன்' என்றார்கள். நாம் 'நம்புகிறேன்' என்கிறோம். விசுவாச அறிக்கையின் அந்த முதற்சொல் தொடக்க காலத்தில் நம் கடற்கரையில் 'வேணும்' என்று ஒலித்தது என்பதை நம்மில் பலர் அறியார்.

1542-ஆம் ஆண்டு இக்கரைக்கு வந்த புனித பிரான்சிஸ் சவேரியாருக்குத் தமிழ் தெரியாது. போர்த்துக்கீசியமும் தமிழும் அறிந்த உள்ளூர் மக்கள் சிலரைக் கூட்டி, பல நாட்கள் அமர்ந்து, செபங்களைத் தமிழாக்கச் செய்தார். அவற்றை மனப்பாடம் செய்துகொண்டு, கையில் மணியுடன் தெருத்தெருவாகச் சென்று பிள்ளைகளைக் கூட்டிக் கற்பித்தார். ஓர் ஊரைவிட்டுப் புறப்படுகையில் செபங்களின் எழுத்துப்படியை அங்கே விட்டுச் சென்றார். எழுதத் தெரிந்தவர்கள் அதனைப் படியெடுத்து மற்றவருக்குச் சொல்லித்தர வேண்டும் என்பது ஏற்பாடு. மணியும் மனப்பாடமும் எழுத்துப்படியுமே அன்றைய மொழிக்கருவிகள்.

1544-இல் தம் உடனுழைப்பாளர் மான்சிலாசுக்கு எழுதிய மடல் ஒன்றில் சவேரியார் ஒரு திருத்தம் சொல்லுகிறார். விசுவாச அறிக்கையில் 'எனக்கு வேணும்' என்பதை விட்டு 'விசுவாசம்' என்ற சொல்லை வழங்குமாறு கேட்கிறார். 'வேணும்' என்பது விரும்புதலைக் குறிக்கும் சொல், நம்புதலைக் குறிப்பதன்று என்பதை அவர் அதற்குள் யாரிடமோ கேட்டறிந்திருந்தார். கிறிஸ்து பாடுபட்டதைச் சொல்லும் இடத்திலும் ஒரு சொல் 'வலுக்கட்டாயமாக' என்ற பொருளைத் தந்தது. ஆண்டவர் மனமுவந்து பாடுபட்டார் அன்றோ என்று கூறி, அதனையும் நீக்கச் சொன்னார். 'கடவுள் எனக்கு வேணும்' என்று நாள்தோறும் சொல்லிவந்த அந்தக் காலத்துப் பரதவத் தாய் பெரும்பிழை எதுவும் செய்துவிடவில்லை என்று நமக்குச் சில வேளை தோன்றுவதுண்டு. குருமடத்து இறையியல் ஆசிரியர்கள் நம்மைப் பொறுத்தருள்க!

செபத்திலாவது பிழையைப் பின்னர்த் திருத்திக்கொள்ளலாம். பாவசங்கீர்த்தனத்தில் என்ன செய்வது? குருவுக்குத் தமிழ் தெரியாதபோது இடையில் மொழிபெயர்ப்பாளர் ஒருவர் நிற்க வேண்டும். கடவுளுக்கும் குருவுக்கும் மட்டும் சொல்ல வேண்டியதை மூன்றாம் செவி ஒன்றும் கேட்கும். சிற்றூர் ஒன்றில் அந்த மூன்றாமவர் அடுத்த வீட்டுக்காரராகவோ கடன் கொடுத்தவராகவோ இருக்கலாம். இதன் கூச்சத்தை நாம் விரித்துரைக்க வேண்டியதில்லை.

இந்த மூன்றாம் செவியை அகற்றப் பாடுபட்டவர் அண்டிரீக் அடிகளார் என்று நம் மக்கள் அழைத்த ஹென்றீக்கே ஹென்றீக்கஸ். போர்த்துக்கலில் 1520-இல் பிறந்தவர். யூத மரபினர் என்ற காரணத்தால் பிரான்சிஸ்கு சபையினின்று விலக்கப்பட்டுப் பின் இயேசு சபையில் சேர்ந்தவர். 1546-இல் கோவாவுக்கும், அடுத்த ஆண்டு முத்துக்குளித்துறைக்கும் வந்தார். 1548 அக்டோபர் இறுதியில் வேம்பாற்றிலிருந்து புனித இஞ்ஞாசியாருக்கு எழுதும்போதே, மொழிபெயர்ப்பாளர் துணை பெரும்பாலும் இன்றித் தமிழில் பேசும் நிலையை அவர் எட்டியிருந்தார்.

எவ்வாறு கற்றார்? இலத்தீன் கற்றவருக்கு இயல்பாகத் தோன்றும் வழியிலேயே சென்றார். பெயர்ச்சொற்களை வேற்றுமைப்படுத்தியும் வினைச்சொற்களைக் கால வாரியாக அடுக்கியும் தமக்கென ஓர் இலக்கணக் குறிப்பு எழுதினார். பின்னால் வரும் குருக்களுக்குப் பயன்படுமாறு அது வளர்ந்து ஒரு நூலாயிற்று. அதன் கைப்படி லிஸ்பன் தேசிய நூலகத்தில் இருக்கிறது. 1982-இல் ஜெர்மானிய அறிஞர் ஹான்ஸ் பெர்மேர் பதிப்பித்தார். 2013-இல் ஜீன் ஹைன், வ. ச. ராஜம் ஆகிய இருவரின் ஆங்கில மொழிபெயர்ப்பும் வெளிவந்தது. அது புலவர் தமிழுக்கு எழுதப்பட்ட இலக்கணமன்று. வலை இழுப்பவரும் முத்துக் குளிப்பவரும் பேசிய தமிழே அதில் பதிவாகியுள்ளது. நன்னூல் வழியில் பயின்ற நமக்கு அது முதலில் சிரிப்பூட்டும். நம் ஊர்ப் பெரியவர்கள் பேசக் கேட்டவர்களுக்கோ பழகிய குரலாக இருக்கும்.

அச்சு என்னும் கருவி இந்த இடத்தில்தான் வந்து சேர்கிறது. 1554 பெப்ருவரியில் லிஸ்பனில் தமிழும் போர்த்துக்கீசியமும் கலந்த ஒரு சிறு செபநூல் அச்சேறியது. வின்சென்ட் நசரேத், ஜார்ஜ் கர்வால்யோ, தோமா குருசு என்ற நம் நாட்டவர் மூவர் அதனை உருவாக்கினர். தமிழ்ச் சொற்கள் உரோமன் எழுத்தில் இருக்கும். அவற்றோடு வரிக்கு வரி போர்த்துக்கீசியப் பொருளும் இருக்கும். இன்று 'முப்பது நாளில் ஆங்கிலம்' என்று பேருந்து நிலையங்களில் விற்கும் நூல்களுக்கு அதனை முன்னோடி எனலாம். ஆனால் லகர, ளகர, ழகரங்களைப் பிரித்துக் காட்ட உரோமன் எழுத்துக்கு வகையில்லை. கண் படித்தாலும் நா தவறும்.

தமிழுக்குத் தமிழெழுத்தே வேண்டும் என்ற தேவை நிறைவேற இருபது ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. கோவாவில் 1556-இல் இறங்கிய அச்சுப்பொறி உண்மையில் அபிசீனியாவுக்குப் போகவேண்டியது. வழியில் தங்கிப் போனது. 1577-இல் கோவாவிலும் 1578-இல் கொல்லத்திலும் தமிழ் எழுத்துகள் வார்க்கப்பட்டன. இப்பணிக்கு நம் கடற்கரைப் பரதவ மக்கள் 400 குருசாது பணம் தந்தனர். கடலில் மூச்சடக்கி எடுத்த முத்தின் பணம் அது. 1578 அக்டோபர் 20 அன்று கொல்லத்தில் வெளிவந்த 'தம்பிரான் வணக்கம்' பதினாறே பக்கம். அடுத்த ஆண்டு கொச்சியில் 'கிரிசித்தியானி வணக்கம்' வந்தது.

இவ்விரண்டையும் நாம் விழாக்களில் நினைவுகூர்கிறோம். 1580-இல் கொச்சியில் அச்சான மூன்றாம் நூலைப் பற்றி அவ்வளவாகப் பேசுவதில்லை. 'கொம்பெசியொனாயரு' என்று தலைப்பிடப்பட்ட அது பாவசங்கீர்த்தன நூல். மனச்சோதனை செய்வது எப்படி, எதனை எவ்வாறு சொல்வது என்று மக்களின் சொல்லிலேயே கற்பிப்பது. குருவுக்கு அது மொழிப்பாடம், இறைமக்களுக்கு மறைப்பாடம். இருவரும் ஒரே நூலிலிருந்து ஒரே சொற்களைக் கற்றுக்கொண்டால் இடையில் மூன்றாமவர் எதற்கு? நமது எண்ணத்தில், அண்டிரீக் அடிகளாரின் நூல்களுள் அவரது உள்ளக்கிடக்கையை மிகுதியும் காட்டுவது இதுவே. 1586-இல் வந்த 'அடியார் வரலாறு' அளவில் மிகப் பெரியது என்பதை மறுக்கவில்லை. அதனை இராசமாணிக்கம் அடிகளார் பதிப்பிக்க, தூத்துக்குடித் தமிழ் இலக்கியக் கழகம் 1967-இல் வெளியிட்டது.

அந்தக் கழகத்தை 1948-இல் நிறுவிய தனிநாயகம் அடிகளாரைப் பற்றியும் ஒரு சொல். யாழ்ப்பாணத்தில் பிறந்து, உரோமையில் பயின்று, பல ஐரோப்பிய மொழிகள் கைவரப்பெற்றவர், வடக்கன்குளத்தில் ஆசிரியராக இருந்தபோதுதான் பண்டிதர் ஒருவரிடம் அமர்ந்து தமிழ் இலக்கியம் கற்றார். அந்தோணி தெ புரோயன்சா அடிகளாரின் தமிழ்–போர்த்துக்கீசிய அகராதி 1679-இல் அம்பலக்காட்டில் அச்சானது. வத்திக்கான் நூலகத்தில் இருந்த அதன் படியை நிழற்படப் பதிப்பாக 1966-இல் உலகறியச் செய்தவரும் தனிநாயகம் அடிகளாரே. அகராதியைக் கண்டெடுத்தவருக்கும் முதலில் ஒரு பண்டிதரின் திண்ணை தேவைப்பட்டது.

ஒன்று மனத்தை உறுத்துகிறது. சவேரியாருடன் அமர்ந்து செபங்களைத் தமிழாக்கியவர் யார் யார்? அண்டிரீக் அடிகளாரின் நாவைத் திருத்தியவர் யார்? நூல் எழுதியவர் பெயர் நிற்கிறது. பொழுது சாயும்வரை 'அப்படியன்று சாமி, இப்படிச் சொல்லுங்கள்' என்று பொறுமையாகத் திருத்திய நம் முன்னோர் பெயர் எத்தனை பேருக்குத் தெரியும்? 1600-இல் புன்னைக்காயலில் இறந்த அடிகளார் தூத்துக்குடியில் அடக்கமானார். ஆசிரியர்களின் கல்லறைகளும் இதே மணலில்தான் எங்கோ இருக்கின்றன.

இவற்றையெல்லாம் எண்ணச் செய்தது அண்மையில் நிகழ்ந்த ஒன்று. துறைமுகத்தில் நின்ற சரக்குக் கப்பலின் மாலுமி ஒருவர், போலந்து நாட்டவர், இரவு எட்டு மணிக்குமேல் பங்கு இல்லத்திற்கு வந்தார். ஆங்கிலம் அவருக்கு நாலைந்து சொல். கைப்பேசியில் எதையோ தட்டி நம்மிடம் நீட்டினார். திரையில் தமிழ் எழுத்தில் 'நான் ஒப்புக்கொள்ள வேண்டும்' என்றிருந்தது. காவல் நிலையத்தில் சொல்லும் சொல்! கழுத்திலிருந்த சிலுவையைத் தொட்டுக் காட்டிய பிறகே நமக்கு விளங்கியது.

திருச்சபைச் சட்டம் மொழிபெயர்ப்பாளர் வழியாகப் பாவசங்கீர்த்தனம் செய்வதைத் தடுக்கவில்லை. கேட்டதை வெளியிடாதிருக்கும் கடமையையும் அவர்மேல் சுமத்துகிறது. கைப்பேசியின்மேல் யார் எந்தக் கடமையைச் சுமத்துவது? அதில் சொன்ன சொல் எந்த நாட்டுக் கணினியில் போய்த் தங்குகிறது? அண்டிரீக் அடிகளார் அரும்பாடுபட்டு வெளியே அனுப்பிய மூன்றாம் செவி, நம் சட்டைப் பையில் ஏறித் திரும்பிவிட்டதோ என்ற அச்சம் எழுந்தது. கைப்பேசியைக் கவிழ்த்து வைத்தோம். அவர் தம் மொழியிலேயே நெடுநேரம் பேசினார், அழுதார். நாம் இலத்தீனில் தொடங்கியபோது அவர் தலை குனிந்தார். அன்று செய்தது முற்றும் சரியா என்று நம் நண்பரான திருச்சபைச் சட்ட வல்லுநர் ஒருவரிடம் பின்னர்ப் பொதுவாகக் கேட்டோம். அவரும் உடனே விடை சொல்லவில்லை.

அடுத்த வாரமே அதே கைப்பேசியில் போலந்து மொழி கற்கத் தொடங்கினோம். குருமடத்தில் ஒலிநாடாவை முன்னும் பின்னும் ஓட்டி இத்தாலியம் பழகிய நமக்கு இது பெரும் வசதி. சலிக்காமல் நூறு முறை சொல்லித்தருகிறது. ஐம்பது வயது கடந்த நாக்குத்தான் மசியவில்லை. இல்லத்தில் சமைக்கும் அம்மா கேட்டுக் கேட்டுச் சிரிக்கிறார். "சாமி, மீனுக்கு அந்தப் பாஷையில என்ன சொல்லணும்?" என்றார் ஒருநாள். 'ரிபா' என்றோம். அவர் இருமுறை சொல்லிப் பார்த்தார். அவருக்கு நம்மைவிட நன்றாக வந்தது.